நரியும் நாட்குறிப்பும்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, போன இதழில் ஃபிரடெரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜக்கால்' பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அந்த நாவலையும் அவருடைய 'தி ஒடெஸ்ஸா ஃபைல்' நாவலையும் நூலகத்தில் எடுத்து நானும் என் கணவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். இரண்டுமே சதிக் கதைதான். ஜக்கால்தான் உசத்தி என்று அவர் அடித்துச் சொல்கிறார். எனக்கோ ஒடெஸ்ஸா படித்த அன்று தூக்கம் வரவில்லை. எது மேல்?
– ஈசூன் வாசகி

பதில்: இரண்டையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978-ல் ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற ஆட்களின் பட்டியலை அடிப்பதுதான் வேலை. பெயர், பதவி, நாடு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், சீமேன் புக் எண் என்று ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி. கார்பன் வைத்து ஆறு பிரதி அடிக்க வேண்டும். ஒரு நாள் கையெழுத்துப் போட வந்த ரேடியோ ஆபீசர் ஒருவர் என் மேசையில் ஒரு புத்தகத்தை மறந்து வைத்துவிட்டு, கிளிஃபர்ட் பியரில் போட் பிடித்துப் போய்விட்டார். கப்பல் அன்றிரவே கிளம்பிவிட்டது. முதுகு கிழிந்து டேப் ஒட்டிய அந்தப் புத்தகம்தான் 'ஜக்கால்'. குவீன்ஸ்டவுனுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன்.

கதை உங்களுக்குத் தெரியும், படிக்காத மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததற்காகப் பிரெஞ்சு அதிபர் டிகாலைத் தீர்த்துக்கட்ட ஓஏஎஸ் என்ற ரகசியப் படை துடிக்கிறது. பல முறை முயன்று தோற்றபின், யாருக்கும் முகம் தெரியாத ஓர் ஆங்கிலேயக் கூலிக் கொலைகாரனை ஐந்து லட்சம் டாலருக்குப் பேசி முடிக்கிறார்கள். அவன் வைத்துக்கொள்ளும் பெயர்தான் ஜக்கால், அதாவது நரி. அவனைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு லெபெல் என்ற அமைதியான போலீஸ்காரர் தலையில் விழுகிறது.

டிகால் கொல்லப்படவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஃபோர்சைத் 1970 ஜனவரியில் இதை எழுதியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான் தம் வீட்டில் காலமானார். முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. நைஜீரியாவின் பயாஃப்ரா போரிலிருந்து கையில் காசில்லாமல் திரும்பியிருந்த நிருபர் ஃபோர்சைத், 35 நாளில் எழுதி முடித்த நாவல் அது. 1971-ல் அச்சேறியது.

பதிப்பகத்தார் ஒன்றைக் கவனிக்கவில்லை. டிகால் சாவாரா என்ற கேள்வியை நாவல் நம்மிடம் கேட்கவே இல்லை. பெயரே இல்லாத ஒருவனை எப்படித் தேடுவது என்று கேட்கிறது. அதற்கு லெபெலிடம் இருப்பதெல்லாம் தொலைபேசி, கோப்புகள், தூக்கமில்லாத சில உதவியாளர்கள். பிரான்சில் அன்று ஹோட்டலில் தங்குகிற ஒவ்வொருவரும் ஓர் அட்டை நிரப்ப வேண்டியிருந்தது. அந்த அட்டைகளைப் போலீஸ் சேகரித்தது. லெபெலின் ஆட்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். லண்டனில் இன்னொரு கூட்டம் பாஸ்போர்ட் விண்ணப்பங்களையும் இறப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கிறது. துப்பாக்கிச் சத்தமே இல்லாத இந்தப் பக்கங்களில்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் ஒரு கொலைகாரனை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்!

ஒரே ஓர் எண் என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், தூத்துக்குடிக்காரர் ஒருவரின் பிறந்த ஆண்டை 1941 என்று அடிப்பதற்குப் பதில் 1947 என்று அடித்துவிட்டேன். ஆறு பிரதியிலும் அதே பிழை. மேலே இருந்தவர் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார். அடுத்த துறைமுகத்தில் பாஸ்போர்ட்டும் பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்று அவரை இறங்கவிடவில்லை. மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போக வேண்டியவர், விமானத்தைத் தவறவிட்டு மூன்று நாள் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், என்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த 7-ஐ நான் மறக்கவே இல்லை. நேர்மையான ஆளை ஓர் எண் நிறுத்திவைத்தது. ஜக்காலோ எல்லா எண்ணும் சரியாக இருக்கிற காகிதத்தோடு எல்லைகளைக் கடந்துகொண்டே இருக்கிறான். என்னை மிரட்டியது அதுதான்.

இனி ஒடெஸ்ஸா. 1980-களில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். ஜக்கால் வெளியான மறுவருடம், 1972-ல், வந்த நாவல். 1963 நவம்பர் 22 இரவு, ஹாம்பர்க் நகரில் மில்லர் என்ற இளம் பத்திரிகையாளன் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். கென்னடி சுடப்பட்ட செய்தி ரேடியோவில் வருகிறது. காரை ஓரம் கட்டுகிறான். அந்த நேரம் கடந்துபோகிற ஆம்புலன்ஸைப் பழக்க தோஷத்தில் பின்தொடர்கிறான். கேஸைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்ட ஒரு யூதக் கிழவர். பெயர் டாபர். அவர் விட்டுப்போன நாட்குறிப்பு மில்லரின் கைக்கு வருகிறது. லாட்வியாவின் ரீகா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த சேரியில் நடந்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கே தளபதியாக இருந்த ரோஷ்மன் உயிரோடு இருக்கிறான் என்பது மில்லருக்குப் பிறகு தெரியவருகிறது.

உங்களைத் தூங்கவிடாதது இந்த நாட்குறிப்பாகத்தான் இருக்கும். என்னையும் அதுதான் தூங்கவிடவில்லை. ஃபோர்சைத் தம் விறுவிறுப்பையெல்லாம் இங்கே ஒதுக்கி வைத்துவிடுகிறார். கிழவர் நிதானமாக, யார் மேலும் பாயாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறார். தன் மனைவி விஷயத்தில் தான் செய்ததையும் அப்படியேதான் எழுதுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வராந்தாவில் போய் நின்றேன்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. பாட்டியின் தம்பி ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அப்படிப் போய்ச் செத்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காவது அங்கே பெயர் பொறித்த கல்லறை வரிசை இருக்கிறது. பாட்டியின் தம்பி எந்த நாள் செத்தார், எந்த முகாமில் செத்தார் என்று எந்தப் பட்டியலிலும் நாங்கள் கண்டதில்லை. டாபரைப் படிக்கும்போது, அந்த முகாமில் ஒரே ஒருவர் கையிலாவது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாவலாகப் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஜக்காலில் தேவையில்லாத ஓர் ஆணி கிடையாது. ஒடெஸ்ஸாவில் நாட்குறிப்பு முடிந்ததும் கதை பல பக்கம் ஓடுகிறது. எகிப்தின் ராக்கெட், இஸ்ரேலிய உளவாளிகள், ஹிட்லரின் எஸ்எஸ் படையில் இருந்த பழைய ஆளாக வேடம் போடுவதற்கு மில்லர் எடுக்கும் பயிற்சி என்று போகப் போக, கிழவர் பின்னால் போய்விடுகிறார். அப்புறம் அந்தக் கடைசித் திருப்பம். மில்லர் ரோஷ்மனை இவ்வளவு தூரம் துரத்தியது எதற்காக என்று கடைசியில் தெரிகிறதே, அதை நான் ஏற்கவில்லை. படிக்காதவர்களுக்காக உடைத்துச் சொல்லாமல் விடுகிறேன். ஒரு மனிதன் அந்த நாட்குறிப்பைப் படித்துவிட்டுக் கிளம்புவதற்கு, சொந்தக் காரணம் ஒன்று வேறு வேண்டுமா? படித்ததே போதாதா? ஃபோர்சைத்துக்குப் போதவில்லை. அந்த இடத்தில் அவர் வாசகரை நம்பவில்லை என்று எனக்கு வருத்தம்.

ஆனாலும் அந்த நாட்குறிப்புப் பகுதிக்கு ஈடாக ஜக்காலில் ஓர் இடம்கூட இல்லை. உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: நாவலில் எஸ்எஸ்காரர்களைத் தப்பவைக்கிற ஒடெஸ்ஸா என்ற அமைப்பு நிஜமாகவே இருந்ததா? ரோஷ்மன் கற்பனைப் பாத்திரமா?
– தோ பாயோ வாசகர்

பதில்: எடுவார்ட் ரோஷ்மன் நிஜ ஆள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1908-ல் பிறந்தவன். ரீகா சேரியின் தளபதியாக இருந்ததும் நிஜம், 'ரீகாவின் கசாப்புக்காரன்' என்று பெயரெடுத்ததும் நிஜம். நாஜிக் குற்றவாளிகளைத் தேடிக்கொண்டிருந்த சைமன் வீசன்தால்தான், இவனையே வில்லனாக வையுங்கள் என்று ஃபோர்சைத்திடம் சொன்னார். நாவலுக்குள்ளும் வீசன்தால் சொந்தப் பெயரிலேயே வருகிறார்.

ஆனால் நாவலில் வருவதுபோல் 1963-ல் ரோஷ்மன் ஜெர்மனியில் தொழிற்சாலை நடத்தவில்லை. 1948-லேயே அர்ஜென்டினாவுக்குத் தப்பிவிட்டான். ராக்கெட் விவகாரத்தோடு அவனை முடிச்சுப் போட்டது கதாசிரியரின் கை. எகிப்தில் ஜெர்மன் நிபுணர்கள் ராக்கெட் செய்துகொண்டிருந்தது மட்டும் வரலாறு.

நாவல் வந்து, 1974-ல் திரைப்படமும் வந்து, அவன் பெயர் உலகமெல்லாம் பரவியது. மேற்கு ஜெர்மனி அவனை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டது. 1977-ல் அர்ஜென்டினாவிலிருந்து பராகுவேக்கு ஓடினான். அதே ஆகஸ்டில் அங்கே ஒரு மருத்துவமனையில் செத்தான். நீதிமன்றத்தில் நிற்கவே இல்லை. ஒளிந்திருந்தவனைக் கடைசிக் காலத்தில் மறுபடி ஓடவைத்ததில் ஒரு கதைப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஒடெஸ்ஸா அமைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எஸ்எஸ்காரர்கள் தப்ப உதவிய வழிகள் பல இருந்தன. இத்தாலி வழியாகத் தென்னமெரிக்காவுக்குப் போன வழி அதில் முக்கியம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்த ஒரே பெரிய அமைப்பு இருந்தது என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. தனித்தனி ஆட்கள், தனித்தனிக் கூட்டங்கள், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரிகள் என்றுதான் சொல்கிறார்கள். நாவலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜக்காலில் இது நேர்மாறு. அங்கே அமைப்பு நிஜம், ஆள்தான் கற்பனை. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளமார் என்ற இடத்தில் டிகாலின் கார்மேல் குண்டு மழை பொழிந்ததும், டயர் வெடித்தும் அவரும் மனைவியும் காயமில்லாமல் தப்பியதும், அதை நடத்திய பாஸ்தியன் தீரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டதும் நடந்தவை. நாவல் அந்த மரண தண்டனைக் காட்சியில்தான் தொடங்குகிறது. அப்போது ஃபோர்சைத் ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் வேலை பார்த்தவர்.

கேள்வி: ஜக்கால் பாஸ்போர்ட் எடுக்கும் முறை உண்மையிலேயே நடக்கக்கூடியதா அக்கா? எனக்கு நம்ப முடியவில்லை.
– பொங்கோல் வாசகர், வயது 19

பதில்: நடந்தது தம்பி. அதுதான் கொடுமை.

ஜக்கால் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறான். இன்று இருந்திருந்தால் தன் வயதாகியிருக்கும், ஆனால் சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு குழந்தையின் கல்லறையைத் தேடி எடுக்கிறான். அந்தக் குழந்தையின் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிப் பாஸ்போர்ட்டும் வாங்கிவிடுகிறான். பிரிட்டனில் அன்று பிறப்புப் பதிவு ஒரு பக்கம், இறப்புப் பதிவு இன்னொரு பக்கம். பாஸ்போர்ட் கொடுக்கும்போது இரண்டையும் யாரும் ஒத்துப்பார்க்கவில்லை. நாவல் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றபிறகும் அந்த ஓட்டையைப் பல பத்தாண்டுகள் அடைக்கவில்லை. அந்த மோசடிக்கே இந்த நாவலின் பெயர்தான் வழங்கிற்று.

காகிதம் அடித்துப் பிழைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது இரண்டு மேசைக்கு நடுவில் இருந்த ஓட்டை. இந்த மேசைக்காரர் தம் வேலையைச் சரியாகச் செய்தார், அந்த மேசைக்காரரும் சரியாகச் செய்தார். எழுந்து போய் அடுத்த மேசையில் கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

இன்னோர் இடம் சொல்கிறேன். நாவலை இன்னும் முடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

லண்டன் போலீஸ் முதலில் சந்தேகப்படுவது சார்லஸ் கால்த்ராப் என்பவன்மேல். பெயரின் முதல் மூன்று எழுத்தையும் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் ஆங்கிலத்தில் சேர்த்தால் 'ஷக்கால்' என்று வருகிறது. பிரெஞ்சு மொழியில் நரிக்கு அதுதான் சொல். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் போலி பாஸ்போர்ட்டைக் கண்டுபிடிக்கிறார்கள், நிஜ ஜக்காலை நெருங்குகிறார்கள். எல்லாம் முடிந்தபின், போலீஸ் கால்த்ராப்பின் வீட்டைக் குடைந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வந்து, என் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறான். அவன்தான் கால்த்ராப்! இத்தனை பேரை வழிநடத்திய துப்பே தவறு. அப்படியானால் செத்தவன் யார்? கடைசிவரை பெயர் இல்லை. பஸ்ஸில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

கேள்வி: இரண்டு நாவலிலும் பெண் பாத்திரங்கள் சப்பென்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: உங்கள் கட்சிதான் நான். ஜக்காலில் வருகிற சீமாட்டி, அவன் ஒளிந்துகொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அவளையும் முடித்துவிடுகிறான். மில்லரின் காதலி சிகி அவனுக்காகக் காத்திருக்கிறாள், கவலைப்படுகிறாள். காசிருந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் கோபம். ஜாக்குலின் என்ற பெண் ஒருத்திதான் எனக்கு மனதில் நின்றவள். அல்ஜீரியப் போரில் தன் ஆட்களை இழந்தவள். ஓஏஎஸ்ஸுக்காக ஓர் உயர் அதிகாரியின் படுக்கைவரை போய் ரகசியம் கறக்கிறாள். அவள் எடுத்த பக்கம் தப்பான பக்கம். ஆனாலும் அவள் துக்கம் நிஜமானது. அவளுக்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: படங்கள் பார்க்கலாமா?
– பிடோக் வாசகர்

பதில்: 1973-ல் ஃப்ரெட் சின்னமன் எடுத்த ஜக்கால் படத்தைத் தாராளமாகப் பாருங்கள். எட்வர்ட் ஃபாக்ஸ் மரத்தில் தர்பூசணியைக் கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் குறி சரிபார்க்கிற காட்சி புத்தகத்துக்குக் குறைந்ததல்ல. ஒடெஸ்ஸா படம் சுமார். நாட்குறிப்பைப் படமாகக் காட்டும்போது கிழவரின் நிதானம் தொலைந்துபோகிறது.

கேள்வி: என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் திகில் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறாள். ஃபோர்சைத் கொடுக்கலாமா? எதை முதலில் கொடுப்பது?
– ஜூரோங் வெஸ்ட் தந்தை

பதில்: இன்னும் ஓராண்டு பொறுங்கள். ஜக்காலில் பெரியவர்களுக்கான காட்சிகள் சில உண்டு, ஒருவனைச் சித்திரவதை செய்கிற காட்சியும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் ஜக்காலை முதலில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்ததையும் 1962-ல் விடுபட்டதையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால் முதல் ஐம்பது பக்கம் இழுக்கும், பிள்ளைகள் அங்கேயே மூடிவிடுவார்கள். ஃபோர்சைத் 2025 ஜூனில், 86 வயதில் காலமானார். இந்த இரண்டு புத்தகமும் இங்கே நூலகத்தில் கிடைக்கும், வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஒடெஸ்ஸாவை அவள் பள்ளியில் இரண்டாம் உலகப் போர் படித்த பிறகு கொடுங்கள். கொடுக்கிற வாரம் நீங்களும் நாட்குறிப்புப் பகுதியைப் படித்து வைத்திருங்கள். உங்கள் வீட்டில் ஜப்பானியர் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அவள் படித்து முடித்ததும் அவர்களிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.